பின்வளவுப் புலுனிகள்

ஞானசவுந்தரி கனடாவுக்குப் புறப்பட்ட அன்று என்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எயார்போட் வான் படலையடியில் வந்து நிற்கிறது, பெட்டிகள் ஏறிவிட்டன, இவள் மட்டும் வேப்பமரத்தின் கீழ் குந்தியிருந்து மண்சட்டி கழுவுகிறாள். நாற்பது வருடம் குடும்பம் நடத்திய மனுசன் பக்கத்தில் நிற்கிறேன். அவளுக்குச் சட்டியில் பாசி பிடித்திருப்பதுதான் கவலை.

“இஞ்சருங்கோ, கிணத்துத் தண்ணி ஊத்திப்போடாதேங்கோ. குருவியள் குடியாதுகள். பவுசர்த் தண்ணி ஊத்துங்கோ. காலமை குறுநல் அரிசி ஒரு பிடி. பழஞ்சோறு மிஞ்சினால் அதையும் வையுங்கோ. பப்பாப்பழம் பழுத்தால் பாதி அதுகளுக்கு.”

“எனக்கு?”

“மிச்சப் பாதி.”

புங்குடுதீவில் எங்கள் பக்கத்துக் கிணறுகள் உவர். குடிக்கிற தண்ணீர் பவுசர் லொறியில் வந்துதான் தாங்கியில் இறங்கும். அந்தத் தண்ணீரில் நான் முகம் கழுவினால் இவள் பார்க்கிற பார்வையே வேறு. பறவைகளுக்கு மட்டும் சட்டி ததும்ப ஊற்றுவாள். கேட்டால், “உங்களுக்கு வாய் இருக்கு, கேட்டுக் குடிப்பியள்” என்பாள்.

மகள் லோஜனாவுக்குத் தலைப்பிள்ளை. ரொறன்ரோவில் பிள்ளைப்பேறு பார்க்கப் பெற்ற தாய் போகாமல் வேறு யார் போவது? என்னையும்தான் வரச்சொன்னார்கள். வீட்டைப் பார்க்க ஆள் வேண்டாமா என்று கேட்டு நின்றுவிட்டேன். மூன்று மாதத்தில் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுத்தான் ஞானம் வானில் ஏறினாள். விசா என்னவோ வருடக்கணக்கில் நிற்கக்கூடிய விசாவாம். அதை நான் அப்போது காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அடுத்த நாள் காலை சொன்னபடி எல்லாம் செய்தேன். சட்டியில் தண்ணீர், பக்கத்தில் குறுநல், கொஞ்சம் பழஞ்சோறு. ஒன்றும் வரவில்லை. முருங்கையில் ஒரு கூட்டம் புலுனி இருந்து என்னை மேலும் கீழும் பார்த்தது. சாம்பல் நிறம், மஞ்சள் சொண்டு, எந்த நேரமும் வாய் ஓயாத சாதி. ஏழெட்டுப் பேர் சேர்ந்துதான் எங்கும் போவார்கள், சேர்ந்துதான் சண்டை பிடிப்பார்கள். அன்றைக்கு மட்டும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. நான் உள்ளே போன பிறகு காகம் வந்து சோற்றைத் தின்றுவிட்டுப் போனது.

அவற்றைக் குற்றம் சொல்ல முடியாது. வெயில் காலத்தில் ஞானம் முற்றத்தில் வேப்பம்பூ வடகம் காயப்போடுவாள். தகரத்தைத் தட்டிப் பறவை கலைப்பது என்னுடைய வேலை. பஸ் ஓட்டின கை. தகரம் அடித்தால் அடுத்த வளவுக்கும் கேட்கும். அப்படிப்பட்டவன் ஒருநாள் திடீரென்று பப்பாப்பழத்தோடு வந்து நின்றால் யார் நம்புவார்கள்?

எனக்கு விடியும் நேரத்தில் அவளுக்கு இரவாகும். ஒவ்வொரு நாளும் நான் தேத்தண்ணீரோடு இருக்கும்போது வட்ஸ்அப்பில் கூப்பிடுவாள்.

“சாப்பிட்டியளே?” என்று தொடங்குவாள். நான் ஓம் என்று சொல்லி முடிப்பதற்குள், “புலுனியள் வந்ததுகளே?”

“வந்ததுகள்.”

“காட்டுங்கோ பாப்பம்.”

“இப்பதான் பறந்து போட்டுதுகள்.”

ஒரு கிழமை இப்படிச் சமாளித்தேன். பிறகு பிடிபட்டுவிட்டேன். “நீங்கள் பொய் சொல்லுறியள்,” என்றாள். “அதுகள் உங்களுக்குப் பயப்படுதுகள். பொறுங்கோ, நான் கூப்பிட்டு அனுப்புறன்.” கொஞ்ச நேரத்தில் போனில் அவளுடைய குரல் வந்து சேர்ந்தது. “வாங்கோ, வாங்கோ, பிள்ளையள் ஓடி வாங்கோ, சோறு கிடக்கு.” அவ்வளவுதான். அங்கே இரவு, வீடு அடங்கிய நேரம். பக்கத்து அறையில் பிறந்து நாலு நாளான பேரப்பிள்ளை எழும்பிவிடும் என்று மெல்லத்தான் சொல்லியிருந்தாள்.

கதிரையில் போனை வைத்து, அதைத் தட்டிவிட்டு, குசினிக் கதவுக்குப் பின்னால் போய் நின்றேன். முருங்கையில் ஒரு சலசலப்பு. பிறகு ஒவ்வொன்றாக இறங்கின. சோற்றைப் பார்க்கவில்லை. ஒன்று தத்தித் தத்திக் குசினி வாசல் வரை வந்து, தலையைச் சரித்து உள்ளே எட்டிப் பார்த்தது. அதற்கு ஒரு கால் நொண்டி. அது யாரைத் தேடுகிறது என்று எனக்குத் தெரியாதா? நானும் ஒவ்வொரு நாளும் அந்த வாசலை அப்படித்தான் பார்க்கிறேன். இரண்டு பேருமே ஏமாந்து திரும்பினோம்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு காலையும் என் வீட்டு முற்றத்தில் என் மனைவியின் குரல் கேட்டது. கேட்டதும் பறவைகள் வந்தன. நான் கதவிடுக்கால் பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்கக்கேடு என்றுதான் முதலில் தோன்றியது. பிறகு கதவை இன்னும் கொஞ்சம் திறந்து வைத்தேன். பிறகு படியில் இருந்தேன். ஒருநாள் கதிரையை மரத்தடிக்கே கொண்டுபோய்ப் போட்டேன். புலுனிகள் ஒன்றையொன்று பார்த்து ஏதோ கதைத்தன. போகவில்லை.

வாழ்நாளில் நான் பறவை பார்த்தவன் அல்ல. முப்பது வருடம் யாழ்ப்பாணத்துக்கும் குறிகட்டுவானுக்கும் இடையில் பஸ் ஓட்டினேன். பாலத்துக்கு இரண்டு பக்கமும் கடலில் கொக்கும் நாரையும் செங்கால் பறவையும் வந்து நின்றதாகச் சொல்வார்கள். முன்னால் றோட்டில் இருந்த குழிதான் எனக்குத் தெரியும். இப்போது வேறு வேலையில்லை. பார்த்தேன். மைனா தின்னும்போது நடக்கும், புலுனி தத்தும். கொண்டைக்குருவி பழத்தைத் தவிர வேறெதையும் ஏறெடுத்தும் பார்க்காது. செண்பகம் வேலிக்கரையில் ஒரு மணியகாரனைப் போல உலாவிவிட்டுப் போகும்; சட்டியில் தண்ணீர் மட்டும் குடிக்கும். புலுனிகள் எல்லாம் தின்னும்போது ஒன்று மட்டும் கிளையில் இருந்து காவல் காக்கும். பிறகு வேறொன்று போய் அதை இறக்கிவிடும். இவ்வளவும் என் முற்றத்தில் இத்தனை வருடமாக நடந்திருக்கிறது.

கொஞ்ச நாளில் ஞானத்தின் குரலும் தேவைப்படவில்லை. குறுநல் வாளியின் மூடியைத் திறந்தால் போதும், வந்துவிடுவார்கள். நான் மட்டும் அந்தக் குரலை விடவில்லை. பறவைகள் வந்த பிறகும் ஒருமுறை தட்டிக் கேட்டுவிட்டுத்தான் எழும்புவேன்.

உடம்பு என்னை அறியாமலேயே சீராகிவிட்டது. முன்பெல்லாம் விடியப்புறம் எழும்பி முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். பக்கத்து வளவுகளில் ஆளில்லை. ஒரு வீட்டின் ஓடு விழுகிற சத்தம் கேட்டாலும் என்னவென்று கேட்க ஒரு குரல் இருக்காது. இப்போது எழும்பினால் சட்டி கழுவ வேண்டும், தண்ணீர் மாற்ற வேண்டும், பழம் வெட்ட வேண்டும் என்று ஒரு வேலை இருந்தது. ஒருநாள் கிளினிக்கில் நேர்ஸ் என்னுடைய கையில் பட்டியைச் சுற்றிக் காற்றடித்துவிட்டு இரண்டாம் தரமும் அடித்துப் பார்த்தாள்.

“ஐயா, என்ன செய்யிறியள்? பிறசர் நல்லாய் இறங்கிக் கிடக்கு.”

“குருவிக்குச் சோறு போடுறன்.”

“அப்ப நிப்பாட்டாதேங்கோ,” என்றாள். டொக்டர் பிறசர்க் குளிசையில் ஒன்றைக் குறைத்துவிட்டார்.

பெருமை பிடிபடவில்லை. அடுத்த நாள் காலை ஞானம் எடுத்ததும் முதலில் இதைத்தான் சொன்னேன். போனைப் பிடித்து முற்றத்தைக் காட்டினேன். புலுனிகள் என் காலடியில் நின்று நான் பிய்த்துப் போட்ட பாண் துண்டுக்கு அடிபட்டுக்கொண்டிருந்தன. “இன்னும் கிட்டக் காட்டுங்கோ,” என்றாள். காட்டினேன். “அந்த நொண்டியன் நிக்கிறானே?” நின்றான். அவள் முகத்தைப் போனுக்குக் கிட்டக் கொண்டுவந்ததில் நெற்றி மட்டும்தான் தெரிந்தது.

அங்கே அவளுக்குப் பறவையில்லை. எட்டாம் மாடியாம். போன புதிதில் பல்கனியில் சோறு வைத்திருக்கிறாள். புறாக்கள் வந்திருக்கின்றன. கட்டடத்தைப் பார்க்கிறவன் வந்து லோஜனாவை ஏசிவிட்டுப் போய்விட்டான். “இஞ்சை குருவிக்குச் சோறு வைக்கவும் ஆரையேன் கேக்கவேணும்,” என்றாள். “கண்ணாடிக்குள்ளாலை பாக்கிறன். அதுகள் தங்கடை பாட்டிலை போகுதுகள்.”

நான் அதைக் கேட்டுவிட்டு என்ன சொல்லியிருக்க வேண்டும்? எனக்குப் பிறசர் இறங்கிய கதையைத்தான் திரும்பவும் சொன்னேன்.

“அப்ப உங்களுக்கு ஒரு குறையும் இல்லை,” என்றாள்.

“ஒரு குறையும் இல்லை. நீர் ஒண்டுக்கும் யோசியாதேயும்.”

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்றால் இதுதான். இரண்டு நாள் கழித்து லோஜனா எடுத்தாள். மூன்று மாதம் என்றது ஏற்கெனவே ஏழு மாதமாகியிருந்தது. “அப்பா, அம்மா இன்னும் ஒரு ரெண்டு வரியம் நிண்டால் நான் வேலைக்குப் போகலாம். அம்மாட்டைக் கேட்டனான். அப்பா நல்லாய் இருக்கிறார், பறவையளும் பழகீட்டுதுகள், அங்கை எனக்கு என்ன வேலை எண்டு சொல்லுறா. நீங்கள் என்ன சொல்லுறியள்?”

“கொம்மாவின்ரை விருப்பம்,” என்றேன்.

எங்கள் ஊரில் ஆம்பிளைகள் பெருந்தன்மை காட்டும்போது இப்படித்தான் சொல்வோம். சம்மதம் என்றும் அர்த்தமில்லை, மறுப்பு என்றும் இல்லை. மற்றவர் நம் மனதை அறிந்து நடக்க வேண்டும். அறியாவிட்டால் ஆயுளுக்கும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கலாம். “அப்ப சரி அப்பா,” என்றாள் லோஜனா. பிள்ளை அழுதது; போனை வைத்துவிட்டாள்.

அன்றைக்கு நான் சமைக்கவில்லை. ஊரை விட்டுப் போனவர்களில் பாதிப் பேர் பெட்டியோடு என்னுடைய பஸ்ஸில்தான் ஏறினார்கள். தாய்மார் படலையில் நின்று அழுவார்கள்; நான் ஹோர்ன் அடித்து அவசரப்படுத்துவேன். பின்னேரம் திரும்பும்போது அந்த ஆசனங்களில் வேறு யாரோ மரக்கறிப் பையோடு இருப்பார்கள், சில நாள் ஒருவரும் இருக்கமாட்டார்கள். ஒருவரையும் நான் நில் என்று சொன்னதில்லை. சாரதியின் வேலை அதுவல்ல. ஆனால் இவள் என் பஸ்ஸில் ஏறிய பயணி இல்லையே. இவள் இல்லாமல் எனக்கு ஏலாது என்பது அவளுக்குத் தெரியாமலா இருக்கும்?

மண்டைதீவிலிருந்து மோட்டார் சைக்கிளில் மீன் கொண்டுவரும் யூலியானா அந்தக் கிழமை வந்தபோது வழக்கம் போலக் கேட்டாள். “அக்கா எப்ப வாறா?”

“வரமாட்டா. ரெண்டு வரியமாம்.”

அவள் தராசைக் கீழே வைத்தாள். “நீங்கள் வரச்சொன்னனீங்களே?”

“அவவுக்குத் தெரியாதே?”

“நீங்கள் நல்லாய்த்தான் இருக்கிறியள் எண்டு எனக்கே தெரியுது. கன்னம் கூட வைச்சிருக்கு. அக்காவுக்கு வேறை என்ன தெரியும்?” என்றாள். கேட்டு எனக்குக் கோபம் வந்துவிட்டது. மீன்காரியிடம் குடும்பப் புத்தி கேட்கிற நிலைக்கு நான் வரவில்லை என்று நினைத்தேன். ஒட்டி மீன் நாறுகிறது என்று பொய் சொல்லி வாங்காமல் அனுப்பினேன்.

ஆனால் அவள் போன பிறகு யோசித்தேன். நான் நன்றாக இருப்பதுதானே பிரச்சினை? பறவைகள் வருவதுதானே அவளை அங்கே நிம்மதியாக இருத்திவைக்கிறது? அப்படியானால் பறவைகள் வராமல் போகட்டும். வெறும் முற்றத்தைப் பார்த்தால் இவள் ஒருநாள்கூடத் தாங்கமாட்டாள். அடுத்த பிளேனில் ஏறுவாள். வா என்று நான் வாய் திறந்து கேட்கவும் தேவையில்லை. இவ்வளவு நல்ல யோசனை எனக்கு எப்படி வந்தது என்று எனக்கே ஆச்சரியம்.

முதல் நாள் ஒன்றும் வைக்காமல் உள்ளே இருந்துவிட்டேன். புலுனிகள் வந்து வெறும் சட்டியைப் பார்த்தன. நொண்டியன் குசினி வாசலுக்கு வந்துவிட்டான். அதற்குப் பிறகு என்னால் ஏலவில்லை. இவர்களைப் பட்டினி போட்டு இவளை வரவைத்து நான் என்ன பெரிய மனுசன்? சட்டியைத் தூக்கிக்கொண்டு போய்க் குசினிக்குப் பின்னால் வாழையடியில் வைத்தேன். குறுநலையும் அங்கேயே போட்டேன். புலுனிகள் ஒரு சுற்றுச் சுற்றி அங்கே வந்து இறங்கின. பிறகு முன்னுக்கு வந்து, போனை எடுத்து, வெறும் வேப்பமரத்தடியைக் காட்டினேன்.

“ஒண்டையும் காணேல்லை,” என்றாள் ஞானம்.

“வரேல்லை.”

“ஏன்?”

“எனக்கென்ன தெரியும்? நீர் இல்லையெண்டு போட்டுதுகளோ தெரியாது.”

அவள் அந்த வெறும் மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் காத்திருந்தேன். இப்போது சொல்வாள், இப்போது சொல்வாள் என்று. “பாவங்கள்,” என்றாள். “நாளைக்குப் பாப்பம்.” போனை வைத்துவிட்டாள். அவளுடைய முகம் அப்படி வாடி நான் கண்டதில்லை. பின்வளவுக்குப் போய்க் கதிரையில் இருந்தேன். புலுனிகளின் கும்மாளத்தைப் பார்க்க அன்று மனம் வரவில்லை.

மறுநாளும் வெறும் முற்றம்தான். மறுநாளும் “பாவங்கள்” தான். நாளைக்கும் இப்படியே என்றால் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் படுத்துவிடலாம் என்றிருந்தது.

மூன்றாம் நாள் சோளகக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. வாழையடியில் பழுத்த பப்பாப்பழம் ஒன்றைப் பிளந்து வைத்துவிட்டு வந்து முன்னால் இருந்தேன். ஞானம் எடுத்தாள். வேப்பமரத்தடியைக் காட்டினேன். பின்னால் பழத்துக்குச் சண்டை தொடங்கிவிட்டது. புலுனிச் சண்டை என்றால் கல்யாண வீட்டுச் சண்டை. கூட்டத்தில் ஒருவர் மிச்சமில்லாமல் எல்லோரும் சேர்ந்து கத்துவார்கள். காற்று அத்தனையையும் முன்பக்கம் கொண்டுவந்து கொட்டியது.

“பின்னுக்கு என்ன சத்தம்?”

“ஒண்டுமில்லை. காத்து.”

“காத்து புலுனி மாதிரிக் கத்துமே?”

நான் போனைக் கையால் பொத்தினேன்.

“ஏன் அதுகளைப் பின்னுக்குக் கொண்டுபோனியள்?” அவளுடைய குரலில் கோபமில்லை. உண்மையாகவே விளங்காமல் கேட்டாள். “நான் பாக்கக்கூடாதெண்டோ? நான் என்ன செய்தனான் உங்களுக்கு?”

அதுதான் என்னை உடைத்துவிட்டது. கெட்டித்தனம் எல்லாம் ஒரு நொடியில் போய்விட்டது.

“அதுகள் முன்னுக்கு நிண்டால் நீர் அங்கை நிப்பீர்,” என்றேன். “அதுதான்.”

“விளங்கேல்லை.”

“ஒரு குறையும் இல்லையெண்டு சொன்னனான். பொய். நீர் இல்லாத குறை கிடக்கு. குருவியோடை எவ்வளவு நேரம் கதைக்கிறது? அதுகளும் பின்னேரமானால் போயிடுதுகள். எனக்கு ஏலாது. நீர் வாரும்.”

போனில் அவளைக் காணவில்லை. முகடு மட்டும் தெரிந்தது. போனைக் கட்டிலில் வைத்துவிட்டாள் போலிருக்கிறது. மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு திரும்பவும் முகம் வந்தது.

“இதைச் சொல்ல உங்களுக்கு இவ்வளவு காலம் எடுத்ததே?”

“உமக்குத் தெரியும் எண்டு நினைச்சனான்.”

“எனக்குத் தெரிஞ்சு என்ன செய்யிறது?” என்றாள். “பச்சைப் பிள்ளையோடை நிக்கிறவளிட்டை, எனக்கு வீட்டை போகவேணும் எண்டு தாய் வாய் விட்டுச் சொல்லலாமே? நீங்கள் கூப்பிட்டால் போகலாம். அப்பா கூப்பிடுறார் எண்டால் அவள் ஒண்டும் சொல்லமாட்டாள். இண்டைக்குக் கூப்பிடுவார், நாளைக்குக் கூப்பிடுவார் எண்டுதான் ஒவ்வொரு நாளும் போனை எடுத்தனான். நீங்கள் குருவியைக் காட்டினியள்.”

முன்னால் வேப்பமரத்தடியில் ஒன்றுமில்லை, காய்ந்த இலைகள் மட்டும் உருண்டன.

“இப்ப கூப்பிடுறன்,” என்றேன்.

“எனக்கில்லை. உரத்துச் சொல்லுங்கோ. லோஜனா மற்ற அறையிலை நிக்கிறாள். அவளுக்குக் கேக்கவேணும்.”

“பிள்ளை நித்திரையெல்லே?”

“எழும்பினால் எழும்பட்டும்.”

அவள் போனைத் திருப்பி நீட்டிப் பிடித்தாள். ஒரு சிறிய நடையும் அதன் முடிவில் சாத்தியிருந்த வெள்ளைக் கதவும் தெரிந்தன. நான் கதிரையிலிருந்து எழும்பி நின்றேன்.

“இஞ்சரும்,” என்று என்னால் முடிந்த மட்டும் உரத்துக் கத்தினேன். “வீட்டை வாரும்.”

பின்வளவில் புலுனிகள் ஒரேயடியாக எழும்பிப் பறந்தன. போனில் பிள்ளை வீரிட்டு அழத் தொடங்கியது. கதவு திறக்கவில்லை. ஞானம் கையை இறக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். நான் இன்னும் உரத்துக் கூப்பிட்டேன்.